கருக்குமட்டையால் அறுத்த ரொட்டி

நம் வயதுக்காரர்களில் எத்தனை பேர் கருக்குமட்டையால் ரொட்டி அறுத்திருப்பீர்கள்? ஒருவர்கூட இருக்கமாட்டீர்கள். பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் கறுப்பாகப் பல் பல்லாக இருக்குமே, சின்ன வயதில் ரம்பம் என்று சொல்லி வாழைத்தண்டை அறுத்து விளையாடினோமே, அதேதான். எங்கள் வீட்டில் அதை வைத்து ஒரு முழு ரொட்டியைத் துண்டு துண்டாக அறுத்து, உள்ளே உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து, தோசைக்கல்லில் சுட்டு, பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பலகாரமாகக் கொடுத்தார்கள். ஹிட்லர் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், மேலகரத்தில், நல்ல சாரல் காலத்தில். அதனால் என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்ல உட்கார்ந்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினேழு. அதற்கு முந்தின வருஷம் அக்காவுக்கு டைபாய்டு வந்தது. தெருவுக்குத் தெரியக்கூடாது என்று அப்பா அவளைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் கொண்டுபோய் வைத்தார். அம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருப்பதாகத் தெருவில் பேச்சு. நாற்பது நாள் அக்காவுக்கு ரொட்டியும் பாலும்தான் ஆகாரம். பிழைத்து எழுந்தபோது தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்துவிட்டது. மிச்சத்தை மழித்துவிட்டார்கள். மறுபடி முளைத்த முடி பிடரியைத் தாண்டவில்லை. அம்மா சவுரி வைத்துப் பின்னி, அதன்மேல் பூவைச் சுற்றி, ஒன்றும் நடக்காத மாதிரி ஆக்கிவிட்டாள்.

அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். “காய்ச்சல்ங்கிற பேச்சே இந்த வீட்டுல வரப்படாது. கேட்டா, சும்மா மேலுக்கு முடியலன்னு கூடச் சொல்லப்படாது.” டைபாய்டு வந்த பெண்ணுக்குக் காது மந்தமாகும், பிள்ளை தங்காது என்றெல்லாம் ஊரில் சொல்லுவார்கள். அவர் பயந்ததில் தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு அவர் வாயைத் திறந்தாலே எரிச்சல்.

அந்தக் காலத்து ரொட்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சதுர ரொட்டி என்றாலே காய்ச்சல்காரர் சாப்பாடு. இட்லி தோசை இறங்குகிற தொண்டை உள்ளவன் எவனும் ரொட்டி வாங்கமாட்டான். ஒருத்தர் கக்கத்தில் ரொட்டியைக் கண்டால், “யாருக்கு முடியல?” என்று கேட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு. இதெல்லாம் தெரிந்திருந்தும் அப்பா அந்தக் காரியத்தைச் செய்தார் என்றால் அதற்கு என் மாமாதான் காரணம்.

மாமா, அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. வருஷத்துக்கு ஒருமுறை கப்பலேறி வருவார். வரும்போது வாசனை சோப்பு, டின்னில் அடைத்த ஏதாவது, ஒரு மூட்டை பெருமை எல்லாம் கூடவே வரும். அந்த வருஷம் ஒரு வரனும் கொண்டுவந்தார். மாப்பிள்ளை திருநெல்வேலிப் பக்கம், வேலை கொழும்பில், மாமா இருந்த தெருவுக்கு அடுத்த தெரு. தாயும் மகனுமாகக் குற்றாலத்துக்குக் குளிக்க வருவார்கள், அப்படியே பெண்ணையும் பார்த்துவிடுவார்கள் என்று ஏற்பாடு. பிடிக்காவிட்டாலும் யாருக்கும் தலைகுனிவு இல்லை பாருங்கள், அருவிக்குத்தானே வந்தோம் என்று போய்விடலாம். சீசன் நாளில் நம் பக்கத்தில் பாதிக் கல்யாணம் இப்படித்தான் முடிந்தது.

“அத்தான், கேசரி பஜ்ஜின்னு வச்சு மானத்த வாங்கிராதிய” என்றார் மாமா அப்பாவிடம். “மாப்ள தெனமும் சாயங்காலம் கொழும்புக் கோட்டைப் பக்கம் ஒரு கடையில நின்னுக்கிட்டே சாண்ட்விச் சாப்பிடுதாரு. நான் கண்ணால பாத்திருக்கேன். ரெண்டு ரொட்டிக்கு நடுவுல சரக்க வச்சு, ரெண்டு இரும்புத் தட்டுக்கு நடுவுல அமுக்கிச் சுடுதான். ஓரமெல்லாம் மொறுமொறுன்னு இருக்கும். அது நம்ம வீட்டுத் தட்டுல வந்துச்சுன்னா அவரு அசந்துருவாரு.”

அம்மா முகம் மாறிவிட்டது. “ரொட்டியா? எதுக்கு அத வீட்டுக்குள்ள கொண்டாரணும்?” என்றாள்.

“அது காய்ச்சல் ரொட்டி. இது பலகாரம். ரெண்டும் ஒண்ணாட்டி?” என்றார் அப்பா. மற்ற பெண் வீடுகளைவிட ஒரு படி மேலே நின்றுவிடவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் அவருக்குக் காது கேட்காது.

ரொட்டி வாங்கத் தென்காசிக்கு என்னையும் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ரொட்டி சுட்டு விற்கிற ஒரு கிடங்கு உண்டு. அங்கே நுழையும்போதே கள் புளித்த வாசனையும் சூட்டடுப்பு வாசனையும் சேர்ந்து வரும். கிடங்குக்காரர் அப்பாவைப் பார்த்ததும், “வாங்க அண்ணாச்சி. மறுபடியும் யாருக்கு முடியல? போன வருஷம் மகளுக்கு வாங்கினீயளே, அவ நல்லாயிருக்காளா?” என்று நாலு பேர் நிற்கும்போது கேட்டுவிட்டார். அப்பா, “நீரு வேற யாரையோ சொல்லுதீரு” என்று சொல்லி, இரண்டு ரொட்டியை வாங்கித் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தார். வண்டியில் வீடு வரும்வரை அந்தத் துண்டை மடியிலிருந்து இறக்கவில்லை. அப்போதாவது அவருக்கு உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை.

இனி அக்கா செய்ததைச் சொல்லுகிறேன். மாமாவுக்கு வாயால் சொல்லத்தான் தெரியும், அடுப்புப் பக்கம் வரமாட்டார். முதல் ரொட்டியை அம்மா அரிவாள்மனையில் வைத்து நறுக்கினாள். அது நசுங்கித் தூள் தூளாக உதிர்ந்தது. கோழிகளுக்கு நல்ல விருந்து. இரண்டாவது ரொட்டியை அக்கா தொடவிடவில்லை. ஒரு ராத்திரி துணியில் சுற்றி வைத்து இறுகவிட்டாள். காலையில் தோட்டத்திலிருந்து ஒரு கருக்குமட்டையைக் கொண்டுவரச்சொல்லி, தேய்த்துக் கழுவி, வெந்நீர் ஊற்றித் துடைத்து, மெதுவாக முன்னும் பின்னும் இழுத்தாள். பொடிகூட அதிகம் சிந்தாமல் வரிசையாகத் துண்டு விழுந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். “நாப்பது நாள் இதையே பாத்துக்கிட்டுக் கெடந்தேம்லா, இதுக்க கொணம் எனக்குத் தெரியாதா?” என்றாள்.

மாமா கொண்டுவந்த டின்னில் சீஸ் இருந்தது. திறந்ததும் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். “ஏல தம்பி, இது சவுக்காரம்லா! கெட்டுப்போன துணி சோப்பு” என்றாள். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ஒரு கிள்ளு தின்றேன், உப்பாகத்தான் இருந்தது, நல்லாயிருந்தது என்று சொல்லப் பயமாக இருந்தது. கொழும்புக் கடையில் கடுகை அரைத்துத் தடவுவார்கள் என்று மாமா சொன்னதால் அக்கா கடுகை எலுமிச்சைச்சாறு விட்டு அம்மியில் அரைத்தாள். அப்பா விரலால் வழித்து நக்கிப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே “பிரமாதம்” என்றார்.

மழையில் விறகெல்லாம் நனைந்து வீடு முழுக்கப் புகை. அக்கா சிரட்டைக் கரி போட்டு அடுப்பைச் சீராக்கினாள். துண்டின் வெளிப்பக்கம் வீட்டு வெண்ணெய், உள்பக்கம் கடுகு, மெல்லிசாக நறுக்கின அவித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், மேலே சீஸ், மறுபடி ஒரு துண்டு. தோசைக்கல்லில் வைத்து, மேலே ஒரு இரும்புச் சட்டியைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்து, அந்தச் சட்டிக்குள் தணலை அள்ளிப் போட்டாள். கீழேயும் சூடு, மேலேயும் சூடு. முதல் தடவை சீஸ் உருகி ஓடிக் கருகிவிட்டது. இரண்டாம் தடவை சீஸை ஓரம்வரை வைக்காமல் நடுவில் மட்டும் வைத்தாள். சட்டியை எடுத்தபோது ரொட்டி பொன்னிறமாக, ஓரமெல்லாம் ஒட்டி, தட்டினால் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது. எனக்கு அரைத் துண்டு கொடுத்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ ஓட்டலில் சாப்பிட்டிருக்கிறேன். அந்த அரைத் துண்டுக்கு ஈடாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

நடுவில் ஒன்று சொல்லவேண்டும். அதைச் சொல்லாவிட்டால் அக்காவை நீங்களும் தப்பாக நினைப்பீர்கள், நான் நினைத்த மாதிரி.

அந்தச் சித்திரையில் நாங்கள் இலஞ்சிக்குத் திருவிழா பார்க்கப் போயிருந்தோம். அங்கே அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி வீடு. அவர் மகளுக்குச் சின்ன வயதில் வலிப்பு உண்டு. அதை மறைத்துக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நாங்கள் போன அன்றைக்கு அவளை மாப்பிள்ளை வீட்டார் டிரங்குப் பெட்டியோடு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அவளைப் பெற்றவர் கதவைத் திறக்கவில்லை. “கட்டிக் குடுத்தாச்சு, அங்கனயே போ” என்று உள்ளேயிருந்தே சொன்னார். பொழுது சாயும்வரை அந்தப் பெண் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவள் அத்தை ஒருத்தி வந்து கூட்டிப்போனாள். வண்டியில் திரும்பும்போது அம்மா அழுதாள். அப்பா, “கட்டிக் குடுத்த பொறவு பெத்தவன் என்ன செய்ய முடியும்?” என்றார். அக்கா வண்டியின் ஓரத்தில் சவுரிப் பின்னலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் வந்தது சாயங்காலம் நாலு மணிக்கு. மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மட்டும். அருவியில் குளித்த தலை இருவருக்கும் ஈரமாகவே இருந்தது. மாப்பிள்ளை ஒல்லி, கண்ணாடி போட்டிருந்தார், குளித்த பசி முகத்தில் தெரிந்தது. அந்த அம்மாள் கனத்த உடம்பு, நிதானமான பேச்சு. அவரை அத்தை என்று கூப்பிடும்படி எனக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். நல்ல மனுஷி. இன்றைக்கும் அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். முக்கோணமாக அறுத்து அடுக்கியிருந்தாள். அப்பா மாப்பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தட்டைப் பார்த்தார், சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார்.

“ஒமக்குப் பிடிச்சதுன்னு செஞ்சிருக்கு” என்றார் மாமா.

“பிடிக்கும்னு இல்ல” என்றார் அவர் மெல்ல. “அங்கன சாயங்காலம் வேற ஒண்ணும் கெடைக்காது. ஊருக்கு வந்தா உளுந்தவடை திங்கலாம்னு நெனச்சிக்கிட்டே கப்பலேறுவேன்.” மாமா முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஆனாலும் மாப்பிள்ளை ஒன்றை எடுத்துக் கடித்தார். கடித்தவர் நிறுத்தவில்லை, “கடையிலகூட இப்படி வராது” என்று அக்கா இருந்த பக்கம் பார்த்துச் சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும்.

அந்த அம்மாள் மட்டும் வாயில் வைக்கவில்லை. ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது ரொட்டியில்லா? வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலியோ?” என்றார். கெட்ட எண்ணத்தோடு கேட்டதல்ல. ரொட்டியைக் கண்டால் கேட்கிற கேள்விதானே.

“சேச்சே, யாருக்கும் ஒண்ணுமில்ல” என்றார் அப்பா. “இந்த வீட்டுக்குள்ள ரொட்டி வந்ததே இதான் மொதத் தடவ.”

“அப்படியா? மொதத் தடவ செஞ்ச கை மாதிரி இல்லியே” என்றார் அந்த அம்மாள், பாராட்டாகத்தான்.

கூரையிலிருந்து சாரல் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது அக்கா பேசினாள். சுவரோரம் நின்றபடியே, குரலை உயர்த்தாமல்.

“இல்ல அத்தை. போன வருஷம் எனக்கு டைபாய்டு. நாப்பது நாள் ரொட்டிதான் தின்னேன். முடியெல்லாம் போயிட்டு. இது சவுரி.”

அப்பா “ஏட்டி” என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா எழுந்து முற்றத்துக்குப் போய், மழையில் ஏதோ இருக்கிற மாதிரி அண்ணாந்து பார்த்தார்.

அந்த அம்மாள் அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இப்பம் நல்லாயிருக்கியாட்டி?” என்று கேட்டார். “நல்லாயிருக்கேன்” என்றாள் அக்கா. “சரி, ஊருக்குப் போய்க் கடுதாசி போடுதோம்” என்று எழுந்தார். மாப்பிள்ளை இரண்டாவது துண்டைக் கையில் வைத்திருந்தார். தட்டில் திரும்ப வைப்பதா, தின்பதா என்று தெரியாமல் கடைசியில் தின்றுவிட்டுத்தான் எழுந்தார். கடுதாசி போடுகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? கடுதாசி வரவில்லை.

அன்றைக்கு அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் அப்பா உள்ளே வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்து நான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அடிக்கவில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“முடிஞ்சிருக்கும். நல்ல எடம். உன் வாயால கெட்டுது. என்னத்துக்குட்டி சொன்ன?”

“நெசம்தான?”

“கல்யாணம் ஆன பொறவு தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது!”

அக்கா அவருக்கு எதிரே வந்து நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. “தெரிஞ்சு, என்னையும் பெட்டியோட கொண்டாந்து நம்ம வாசல்ல எறக்கிவிட்டா, நீங்க கதவத் தொறந்திருப்பியளாப்பா?”

அப்பா அவளைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. அக்கா காத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, சின்னப்பிள்ளைக்கு எல்லாமே நீளமாகத் தெரியும். பிறகு அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மிச்சமிருந்ததை நானும் அம்மாவும் தின்றோம். ஆறிப்போய் ரப்பர் மாதிரி இழுத்தது.

அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது ரொம்பக் குறைவு. “சாப்பாடு எடுத்து வைக்கவா”, “வை”, அவ்வளவுதான். எனக்கு அக்காமேல்தான் கோபம். கண்ணாடி போட்ட மாப்பிள்ளையை எனக்கும் பிடித்திருந்தது, கொழும்பு மிட்டாய் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். “வாயாடி, நீயே கெடுத்துக்கிட்ட” என்று அவளை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அவள் ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை. என் சொந்த மகளை வண்டியேற்றி அனுப்பின அன்றைக்குத்தான் அக்கா கேட்ட கேள்வி எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது மாப்பிள்ளை இல்லை, அந்தப் பதில்.

மூன்று வருஷம் கழித்து கீழப்பாவூரிலிருந்து ஒரு வாத்தியார் வரன் வந்தது. இந்தத் தடவை அம்மா யாரையும் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பாயில் உட்காருமுன், “எம்மவளுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால பெரிய காய்ச்சல் வந்து பொழச்சா. இப்பம் ஒரு கொறையும் இல்ல. கேட்டுக்கிட்டுப் பலகாரம் சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியாரின் அப்பா, “எங்க வீட்டுலயும் வந்திருக்கு, ரெண்டு பேரு போயிட்டாக. பொழச்ச பிள்ளைய வேண்டாம்னா சொல்லுவோம்?” என்றார். இவ்வளவுதான். இதற்குத்தான் அத்தனை வருஷம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம்.

கல்யாணம் முடிந்து அக்கா புறப்படுகிற அன்றைக்கு வாசலில் வண்டி நின்றது. சாமானெல்லாம் ஏற்றியாகிவிட்டது. வாத்தியார் அத்தான் முன்பக்கம் வண்டிக்காரனோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அக்கா பின்பக்கம் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். அப்பா வந்தார். டிரங்குப் பெட்டியின் கயிறு சரியாகத்தான் கட்டியிருந்தது, அதை அவிழ்த்து மறுபடி கட்டினார். கட்டிவிட்டு, பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“தொறந்திருப்பேன்.”

அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் கொஞ்ச நேரமாயிற்று.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லாப்பா” என்றாள் அக்கா.

“சொல்லியிருக்கணும்” என்றார் அப்பா. வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான்.